குருதிக் குழாய்கள் பழுதுபட்டால்...

சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி எடுக்கிறது. நின்றால் இரண்டொரு நிமிடங்களில் வலி மறைந்துவிடுகிறது. மறுபடியும் நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் அதே வலி. "வயதாகிவிட்டது, வாயுவாக இருக்கும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுபவர் பலர். ஆனால் நடந்தால் வந்து நின்றால் நீங்கும் இவ்வலி, பெரும்பாலும், காலுக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் குறுகிவிட்டது என்பதற்கு உடல் தரும் முன்னறிவிப்பாகும். இதைப் புரிந்துகொண்டு காலத்தில் மருத்துவரிடம் செல்பவர் காலைக் காத்துக்கொள்கிறார். புறக்கணிப்பவர் சில வேளைகளில் காலையே இழக்க நேரிடுகிறது.

குருதிக் குழாய் நோய்களைக் கண்டறியும் முறைகளும், மருந்தாலும் அறுவையாலும் அவற்றைத் தீர்க்கும் முறைகளும் கடந்த நூறு ஆண்டுகளில் வியக்கத்தக்க வளர்ச்சி பெற்றுள்ளன. இவற்றுள் பலவற்றிற்கு அடிப்படை, பள்ளியிலும் கல்லூரியிலும் நாம் கற்கும் எளிய இயற்பியல் விதிகளே. அவ்விதிகளின் துணைகொண்டு இந்நோய்களைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

குழாய்களும் அவற்றின் பழுதுகளும்

ஓய்வாக இருக்கும்போது நம் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. இக்குருதி உடலைச் சுற்றி வந்து மீண்டும் இதயத்தையே அடைகிறது என்பதை இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்பவை தமனிகள். இதயத்திற்குத் திருப்பிக் கொண்டு வருபவை சிரைகள். இவ்விரண்டையும் இணைப்பவை தந்துகிகள். இதயத்தில் தொடங்கும் பெருந்தமனியின் விட்டம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். தந்துகியின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிற்கும் குறைவு.

வீட்டிலுள்ள தண்ணீர்க் குழாய்க்கு என்னென்ன பழுதுகள் ஏற்படும்? உட்புறம் உப்புப் படிந்து துவாரம் குறுகலாம். ஏதேனும் ஒன்று வந்து அடைத்துக்கொள்ளலாம். வலுவிழந்து பருத்து வெடிக்கலாம். வால்வு பழுதாகி நீர் பின்னோக்கி வழியலாம். குருதிக் குழாய்களுக்கு வரும் நோய்களையும் ஏறத்தாழ இந்த நான்கு வகைகளில் அடக்கிவிடலாம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தண்ணீர்க் குழாய் உயிரற்றது. குருதிக் குழாயோ தேவைக்கேற்ப விரியும், சுருங்கும். காயம் பட்டால் தன்னைத் தானே பழுதுபார்க்கும். சில வேளைகளில் அப்பழுதுபார்ப்பே நோயாகவும் மாறும்.

தமனிகள் குறுகுவதற்கு முதன்மையான காரணம், அவற்றின் உட்சுவரில் கொலஸ்டிரால் முதலிய கொழுப்புப் பொருள்கள் படிந்து தடித்துப்போவதாகும். புகைபிடித்தல், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், குருதியில் மிகுந்த கொலஸ்டிரால், முதுமை ஆகியவை இதை விரைவுபடுத்துகின்றன. இதயத்தின் தமனியில் இது நேர்ந்தால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் தமனியில் நேர்ந்தால் பக்கவாதம். கால் தமனியில் நேர்ந்தால் நாம் முதலில் கண்ட நடைவலி. நோய் ஒன்றே, இடந்தான் வேறு. ஆகவே கால் வலியுடன் வருபவருக்கு இதயத்தையும் சோதிப்பது மருத்துவர்களின் வழக்கம்.

நான்காம் அடுக்கின் கொடுமை

மெல்லிய குழாய்களில் நீர்மங்கள் எவ்வாறு பாய்கின்றன என்பதை 1840-ஆம் ஆண்டையொட்டி நுட்பமாக அளந்தவர் பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த பாய்சுவெல். அவர் இயற்பியலும் மருத்துவமும் கற்றவர். குழாயின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள அழுத்த வேறுபாடு மாறாதிருக்குமானால், நொடிக்குப் பாயும் நீர்மத்தின் அளவு குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்கிற்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று அவர் கண்டார்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஆரம் பாதியானால் பாய்வு பாதியாவதில்லை, கால் பங்காவதுமில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது! வேறு விதமாகச் சொன்னால், குழாயின் தடை 16 மடங்கு உயர்கிறது. குருதி தண்ணீரைப் போல எளிய நீர்மமன்று. அது துடித்துத் துடித்துப் பாய்கிறது. எனவே இவ்விதி உடலில் அப்படியே பொருந்துவதில்லை. என்றாலும் அடிப்படை உண்மை இதுவே.

அப்படியானால் தமனியின் ஆரம் பாதியாகக் குறுகியவுடனே கால் செத்துப்போக வேண்டுமல்லவா? அவ்வாறு நேர்வதில்லை. பலருக்குத் தமக்கு இந்நோய் இருப்பதே தெரிவதில்லை. ஏன்?

மின்தடைகளைத் தொடரிணைப்பில் இணைத்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள். அதே கணக்குத்தான் இங்கும். காலுக்குச் செல்லும் குருதி முதலில் பெரிய தமனியையும் பிறகு எண்ணற்ற நுண் தமனிகளையும் கடக்கிறது. ஓய்வு நேரத்தில் தடையின் பெரும்பகுதி நுண் தமனிகளில்தான் உள்ளது. விளக்கத்திற்காகப் பெரிய தமனியின் தடை 1 அலகு, நுண் தமனிகளின் தடை 100 அலகு என்று கொள்வோம். மொத்தம் 101. பெரிய தமனியின் ஆரம் பாதியாகி அதன் தடை 16 ஆனால், மொத்தத் தடை 116. பாய்வு 13 விழுக்காடு மட்டுமே குறையும். நுண் தமனிகள் சிறிதே விரிந்து கொடுத்தால் அந்தக் குறைவும் ஈடுகட்டப்பட்டுவிடும். அவர் உட்கார்ந்திருக்கும் வரை எந்தக் குறையும் தெரியாது.

இப்போது அவர் எழுந்து நடக்கிறார். உழைக்கும் தசைக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். எனவே நுண் தமனிகள் நன்றாக விரிந்து, தடையை 10 அலகாகக் குறைத்துக்கொள்கின்றன. நலமான காலில் மொத்தத் தடை 11. நோயுற்ற காலிலோ 16-ம் 10-ம் சேர்ந்து 26. அழுத்த வேறுபாடு 100 அலகு எனக் கொண்டால், நலமான காலுக்கு 9 பங்கு குருதி கிடைக்கிறது. நோயுற்ற காலுக்கு 4 பங்கிற்கும் குறைவு. தசை பட்டினி கிடக்கிறது, வலியால் கதறுகிறது. நின்றால் தேவை குறைகிறது; வலி தணிகிறது. நடைவலியின் மறைபொருள் இவ்வளவுதான்.

இந்நோயை முதலில் விளக்கியவர்களுள் ஒருவர் கால்நடை மருத்துவர் என்பது வியப்பான செய்தி. பிரெஞ்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் பூலே 1831-இல், ஓடும்போது நொண்டி, நின்றால் சரியாகிவிடும் ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். அதன் கால் தமனி அடைபட்டிருந்தது. மனிதர்க்கும் இதுவே நேர்கிறது என்று பாரிஸ் மருத்துவர் ஷார்கோ 1858-இல் எடுத்துக்காட்டினார்.

குறுக்கம் மேலும் மிகுந்தால் ஓய்விலும் வலி எடுக்கும். இரவில் படுத்திருக்கும்போது பாதம் எரியும். காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் புவியீர்ப்பின் உதவியால் சற்று இதமாக இருக்கும். அதன் பின் ஆறாத புண், கருத்துப்போகும் விரல் என்று நோய் முற்றுகிறது.

கையில் ஓர் அழுத்தம், காலில் ஓர் அழுத்தம்

மருத்துவரின் முதல் கருவி அவருடைய விரல்களே. தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், கணுக்காலின் உட்புறம், பாதத்தின் மேற்புறம் ஆகிய இடங்களில் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார். எந்த இடத்திற்குக் கீழே துடிப்பு இல்லையோ அதற்கு மேலே அடைப்பு இருக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

இரண்டாவது கருவி, எல்லா மருத்துவமனைகளிலும் உள்ள இரத்த அழுத்தமானி. நோயாளியைப் படுக்க வைத்துக் கையிலும் கணுக்காலிலும் உச்ச அழுத்தத்தை அளப்பார்கள். படுக்க வைப்பது ஏன்? நின்றால் இதயத்திலிருந்து கணுக்கால் வரையுள்ள குருதித் தம்பத்தின் அழுத்தமும் சேர்ந்துவிடும். 1.2 மீட்டர் உயரமுள்ள குருதித் தம்பம் ஏற்படுத்தும் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசத்திற்கும் மேல். படுத்தால் இவ்வேறுபாடு நீங்கிவிடும்.

கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண், நலமானவருக்கு 1-க்குச் சமமாகவோ சற்று மிகுதியாகவோ இருக்கும். 0.9-க்குக் கீழே இருந்தால் தமனி குறுகியுள்ளது என்பது பொருள். எடுத்துக்காட்டாக, கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விகிதம் 0.6. இது 0.4-க்குக் கீழே சென்றால் காலுக்கே ஆபத்து.

விகிதம் எல்லைக் கோட்டில் இருந்தால், நோயாளியைச் சிறிது நேரம் நடக்கச் சொல்லி மறுபடியும் அளப்பார்கள். முன்பு போட்ட கணக்கை நினைவுகூருங்கள். ஓய்வில் மொத்தத் தடை 116-இல் குறுக்கத்தின் பங்கு 16. எனவே அழுத்தத்தில் 14 விழுக்காடுதான் அங்கே இழக்கப்படுகிறது. நடந்தபின் 26-இல் 16. இழப்பு 62 விழுக்காடு! ஓய்வில் ஒளிந்திருந்த நோய் நடையில் வெளிப்பட்டுவிடுகிறது.

நீரிழிவு நோயாளிகளிடம் ஓர் எச்சரிக்கை தேவை. அவர்களுடைய தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து இறுகிவிடுவதுண்டு. வெளியிலிருந்து அழுத்தினாலும் அது மடிவதில்லை. எனவே அழுத்தம் பொய்யாக உயர்ந்து காணப்படும், விகிதம் 1.4-ஐத் தாண்டினாலே ஐயுற வேண்டும். அப்போது கால் பெருவிரலின் அழுத்தத்தை அளந்து உண்மையை அறிகிறார்கள்.

விண்மீனிலிருந்து பாதத்திற்கு

ஆஸ்திரிய நாட்டு இயற்பியலாளர் டாப்ளர் 1842-இல் இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். அலையை எழுப்பும் பொருள் நெருங்கி வந்தால் அதிர்வெண் கூடியும், விலகிச் சென்றால் குறைந்தும் தோன்றும் என்பது அதன் சாரம். ஊதிக்கொண்டே நம்மைக் கடந்து செல்லும் புகைவண்டியில் இவ்விளைவை எல்லோரும் கேட்டிருப்போம். 1950-களில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சத்தோமுரா, கேளா ஒலி அலைகளைக் கொண்டு இவ்விளைவை இதயத்தையும் குருதி ஓட்டத்தையும் ஆராயப் பயன்படுத்தினார்.

நொடிக்கு 50 லட்சம் அதிர்வுகள் கொண்ட கேளா ஒலியைத் தோலின் வழியே தமனிக்குள் செலுத்துவதாகக் கொள்வோம். உடல் திசுக்களில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர். குருதி நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒலிக்கற்றைக்கும் பாய்வுக்கும் இடையேயுள்ள கோணம் 60 பாகை. சிவப்பணுக்களில் பட்டு எதிரொலித்து வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கணக்கிட்டால் சுமார் 1,600 ஹெர்ட்ஸ் வருகிறது. இது நம் செவிக்கு நன்றாகக் கேட்கும் ஒலி! எனவே ஒலிபெருக்கியை இணைத்தால் குருதி பாயும் ஓசையை நேராகவே கேட்கலாம். நலமான தமனியில் துடிப்புக்குத் துடிப்பு கூர்மையான ஓசை எழும். அடைப்புக்குக் கீழே அது மங்கி, மந்தமாகிவிடும்.

ரப்பர் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சியடிப்பது போல, குறுகிய இடத்தில் குருதியின் வேகம் உயர்கிறது. குழாயின் உருவத்தையும் குருதியின் வேகத்தையும் ஒருசேரத் திரையில் காட்டும் கருவிகள் இப்போது உள்ளன. ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை என்பது இம்முறையின் சிறப்பு.

குருதிக் குழாயின் படம்

எலும்பு எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிகிறது. குருதிக் குழாய் தெரிவதில்லை. குருதியும் தசையும் எக்ஸ் கதிர்களை ஏறத்தாழ ஒரே அளவில் உட்கவர்வதே இதற்குக் காரணம். ராண்ட்ஜன் தம் கண்டுபிடிப்பை வெளியிட்ட சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், வியன்னாவில் இருவர் உடலினின்று துண்டிக்கப்பட்ட ஒரு கையின் தமனிகளில் சுண்ணாம்புக் கலவையைச் செலுத்திப் படம் எடுத்துக் காட்டினர். உயிருள்ளவருக்கு இதைச் செய்ய முடியாதல்லவா? அயோடின் சேர்ந்த, உடலுக்கு ஏற்ற சேர்மங்கள் பின்னர் கிடைத்தன. அயோடினின் அணு எண் 53. ஆகவே அது எக்ஸ் கதிர்களை நன்கு தடுக்கிறது. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் 1927-இல் மூளையின் குருதிக் குழாய்களையும், ரெய்னால்டோ டோஸ் சாந்தோஸ் 1929-இல் பெருந்தமனியையும் படம் பிடித்தனர்.

தமனிக்குள் மெல்லிய குழலைச் செலுத்தத் தோலை அறுத்தாக வேண்டும் என்ற நிலையை மாற்றியவர் சுவீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர். 1953-இல் அவர் வெளியிட்ட முறை மிக எளியது: ஊசியைத் தமனியில் குத்துவது, ஊசியின் வழியே ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விடுவது, ஊசியை உருவி எடுத்துவிட்டுக் கம்பியின் மேலாகவே குழலைக் கோத்து உள்ளே தள்ளுவது. இன்றளவும் உலகெங்கும் இதே முறை வழக்கில் உள்ளது. இக்குழலுக்குக் கத்தீட்டர் என்று பெயர்.

இக்காலத்தில் கணிப்பொறி, அயோடின் செலுத்துவதற்கு முன் எடுத்த படத்தைப் பின் எடுத்த படத்திலிருந்து கழித்து, எலும்புகளை மறைத்துக் குழாய்களை மட்டும் காட்டுகிறது. கைநரம்பில் மருந்தைச் செலுத்தி, சி.டி. கருவியால் சில நொடிகளில் உடல் முழுவதன் தமனிகளையும் படமெடுக்கலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அயோடின் மருந்து தீங்கு செய்யக்கூடும் என்பதால், தேவையறிந்தே இதைச் செய்கிறார்கள்.

மருந்துகள் செய்யும் வேலை

படிந்த கொழுப்பைக் கரைத்துக் குழாயைப் புதிதாக்கிவிடும் மாயமருந்து எதுவும் கிடையாது. மருந்துகளின் வேலை, நோய் வளராமல் தடுப்பதும் குருதி உறைந்து அடைக்காமல் காப்பதுமாகும்.

தலைவலிக்கு நாம் அறிந்த ஆஸ்பிரின், சிறிய அளவில் நாள்தோறும் கொடுத்தால் குருதித் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் குறைக்கிறது. ஸ்டாட்டின் மருந்துகள் கல்லீரலில் கொலஸ்டிரால் உண்டாவதைக் குறைக்கின்றன. 1970-களில் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஒரு வகைப் பூஞ்சைக்காளானிலிருந்து இவ்வகையின் முதற் பொருளைப் பிரித்தெடுத்தார்.

உறைதலைத் தடுக்கும் மருந்துகளின் கதை சுவையானது. 1916-இல் அமெரிக்காவில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடப் போய், உறையாமல் தடுக்கும் பொருளைக் கண்டார். அவ்வழியில் வந்ததே ஹெப்பாரின். 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் குருதி வடிந்து இறந்தன. விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் அதற்குக் காரணமான வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதைப் பின்பற்றி உருவாக்கப்பட்ட வார்ஃபரின் 1948-இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. 1950-களில் மனிதர்க்கு மருந்தாயிற்று! இதை உண்பவர்கள் அளவு தவறினால் குருதிப்போக்கு ஏற்படும். எனவே குருதிச் சோதனை செய்து அளவை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். கீரைகளில் உள்ள வைட்டமின் கே இம்மருந்தின் ஆற்றலைக் குறைப்பதால், ஒருநாள் நிறையவும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் உண்ணாமல், ஒரே அளவாக உண்பது நல்லது.

நடைவலிக்கு மற்றொரு சிறந்த மருந்து நடையே. வலி வரும் வரை நடப்பது, நின்று ஓய்வெடுப்பது, மீண்டும் நடப்பது என்று மருத்துவரின் மேற்பார்வையில் வாரத்தில் மூன்று நாளேனும், மூன்று மாதங்கள் பயின்றால், வலியின்றி நடக்கும் தூரம் கணிசமாகக் கூடுகிறது. தசைகள் கிடைக்கும் ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றன.

அறுக்காமல் திறந்த தமனி

1964 ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 82 வயது மூதாட்டி ஒருவர் மருத்துவமனையில் இருந்தார். இடப்பாதம் ஆறாப் புண்ணும் அழுகலுமாக இருந்தது. காலை எடுத்துவிட வேண்டும் என்றனர் அறுவை மருத்துவர்கள். அவர் உறுதியாக மறுத்துவிட்டார். எக்ஸ் கதிர்த் துறை மருத்துவர் சார்லஸ் டாட்டர், தொடைத் தமனியில் ஒரு கம்பியைச் செலுத்தி, குறுகிய இடத்தைக் கடந்து, அதன் மேல் மெல்லிய கத்தீட்டரையும் பிறகு தடித்த கத்தீட்டரையும் தள்ளி வழியை அகலமாக்கினார். சில நிமிடங்களில் குளிர்ந்திருந்த பாதம் சூடேறியது. அந்த மூதாட்டி இறக்கும் வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேல், தம் சொந்தக் கால்களாலேயே நடந்தார்.

டாட்டரின் முறையை அவருடைய நாட்டு மருத்துவர்கள் பலர் நம்பவில்லை; ஐரோப்பியர் ஏற்றுக்கொண்டனர். சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் கிரன்ட்சிக், கத்தீட்டரின் நுனியில் ஒரு சிறு பலூனை இணைக்கும் வழியைத் தம் வீட்டுச் சமையலறையில் பல முறை முயன்று கண்டுபிடித்தார். குறுகிய இடம் வரை சுருங்கிய நிலையில் செல்லும் பலூன், அங்கே பல வளிமண்டல அழுத்தத்தில் ஊதப்படுகிறது. 1974-இல் கால் தமனியிலும் 1977 செப்டம்பர் 16-இல் இதயத் தமனியிலும் அவர் இதைச் செய்து வெற்றி கண்டார்.

பலூனை எடுத்தபின் தமனி மறுபடி சுருங்குவதுண்டு. அதைத் தடுக்க ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழலை உள்ளே நிறுத்துகிறார்கள். 1986-இல் இது முதன்முதலாக மனித இதயத் தமனியில் வைக்கப்பட்டது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த, வளைத்தாலும் தன் உருவத்திற்குத் திரும்பும் உலோகக் கலவை, அடிக்கடி மடங்கும் கால் தமனிகளுக்கு ஏற்றதாக உள்ளது.

ஊசியும் நூலும்

1894-இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றில் ஒரு பெரிய சிரை அறுபட்டிருந்தது. அதைத் தைக்கும் திறமை அன்று யாரிடமும் இல்லை, அவர் இறந்தார். அதே நகரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் கரேல் என்ற இளைஞர், குழாய்களைத் தைத்தே தீருவது என்று முனைந்தார். பூத்தையல் செய்யும் ஒரு பெண்மணியிடம் நுண்தையல் கற்றார். 1902-இல் தம் முறையை வெளியிட்டார்.

வெட்டுண்ட குழாயின் வாய் வட்டமானது; வழுக்கும்; மடிந்துவிடும். கரேல் அதன் விளிம்பில் சம தொலைவில் மூன்று தையல்களை இட்டு அவற்றை இழுத்துப் பிடித்தார். வட்டம் முக்கோணமாயிற்று! முக்கோணத்தின் பக்கங்கள் நேர்கோடுகள் ஆதலால் ஒவ்வொன்றையும் எளிதாகத் தைக்கலாம். இப்பணிக்காக 1912-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இதன் வழியே 1948-இல் பாரிஸில் ஜான் குன்லின், அடைபட்ட தொடைத் தமனிக்கு மாற்றுப்பாதை அமைத்தார். நோயாளியின் காலிலுள்ள நீண்ட தோலடிச் சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் இணைத்தார். சிரையில் ஒருவழி வால்வுகள் உள்ளதால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும் என்பது இதிலுள்ள நுட்பம். இதயத்திற்குச் செய்யப்படும் 'பைபாஸ்' அறுவையும் இத்தத்துவத்தைத் தழுவியதே. சிரை கிடைக்காதபோது டெக்ரான் போன்ற செயற்கை இழைத் துணிக் குழல்கள் பயன்படுகின்றன.

சில வேளைகளில் இதயத்தில் உறைந்த குருதிக்கட்டி ஒன்று பெயர்ந்து வந்து கால் தமனியைத் திடீரென அடைத்துவிடும். கால் வெளுத்து, குளிர்ந்து, மரத்து, அசைக்க முடியாமல் போகும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் அடைப்பை நீக்காவிட்டால் தசைகள் இறக்கத் தொடங்கும். அமெரிக்காவில் தாமஸ் ஃபோகார்ட்டி மாணவராக இருந்தபோதே இதற்கு ஒரு கருவி செய்தார். அறுவைக் கையுறையின் விரல் நுனியை வெட்டிக் கத்தீட்டரின் முனையில் கட்டினார். சுருங்கிய பலூனைக் கட்டிக்கு அப்பால் செலுத்தி, பின் ஊதி, மெல்ல வெளியே இழுத்தால் கட்டியும் கூடவே வந்துவிடும்! 1960-களின் தொடக்கத்திலிருந்து இது எண்ணற்ற கால்களைக் காத்துள்ளது.

பருத்து வெடிக்கும் குழாய்

குறுகுவது ஒரு வகை. பருப்பது மற்றொரு வகை. வயிற்றிலுள்ள பெருந்தமனியின் இயல்பான விட்டம் சுமார் 2 சென்டிமீட்டர். சுவர் வலுவிழந்தால் அது சிறிது சிறிதாகப் பருக்கிறது. லாப்லாஸ் விதிப்படி குழாய்ச் சுவரின் இழுவிசை, உள்ளழுத்தத்தை ஆரத்தால் பெருக்கினால் கிடைக்கும். எனவே ஆரம் இரட்டித்தால், அழுத்தம் கூடாமலே இழுவிசை இரட்டிக்கிறது. சுவரோ மெலிந்துகொண்டே போகிறது. பருக்கப் பருக்கப் பருப்பது மேலும் எளிதாகிறது, இறுதியில் வெடிக்கிறது.

இயற்பியலின் தலைசிறந்த அறிஞர் ஐன்ஸ்டைனின் உயிரைப் பறித்தது இந்நோயே. 1948-இல் அவருடைய வயிற்றை அறுவை செய்து பார்த்த ருடால்ஃப் நிசன், பருத்த பெருந்தமனியைக் கண்டு, அதைச் சுற்றி செல்லோபேன் தாளைப் போர்த்தினார். தாளின் உறுத்தலால் சுற்றிலும் தழும்புத்திசு வளர்ந்து சுவரை வலுவாக்கும் என்பது அன்றைய எண்ணம். ஐன்ஸ்டைன் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் தமனி வெடித்தது. மறுபடி அறுவை வேண்டாம் என்று மறுத்த அவர் 18-ஆம் நாள் காலமானார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1951-இல், பாரிஸில் சார்ல் துபோஸ்ட் பருத்த பகுதியை நீக்கி வேறு தமனியைப் பொருத்தியிருந்தார்.

1990-இல் அர்ஜென்டினா நாட்டு மருத்துவர் யுவான் பரோடி, வயிற்றைத் திறக்காமல், தொடைத் தமனி வழியாகவே மடித்த துணிக்குழலைச் செலுத்தி, பருத்த பகுதிக்குள் விரித்து நிறுத்தினார். குருதி புதிய குழலுக்குள் பாய்வதால் பழைய சுவரின் மீது அழுத்தம் விழுவதில்லை. இந்நோய் பெரும்பாலும் வெடிக்கும் வரை வலியே தருவதில்லை. ஆனால் கேளா ஒலிப் படம் சில நிமிடங்களில் அதைக் காட்டிவிடும். ஆண்களுக்கு விட்டம் 5.5 சென்டிமீட்டரை எட்டினால் பொதுவாகச் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கிறார்கள். பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களை இச்சோதனைக்கு அழைப்பது வழக்கமாகியுள்ளது.

எதிர்நீச்சல் போடும் சிரைகள்

கால் சிரைகளின் குருதி புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. வால்வுகள் குருதியைக் கீழே இறங்க விடுவதில்லை. அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் முன்பு கணக்கிட்ட 90 மில்லிமீட்டர் அழுத்தம் முழுவதும் தங்குகிறது. நடந்தால் அது சுமார் 30-ஆகக் குறைகிறது. நெடுநேரம் நின்று வேலை செய்பவர்களுக்கு இச்சுமை மிகுதி. வால்வுகள் பழுதானால் சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்கின்றன. நாளடைவில் கணுக்காலருகே தோல் கருத்துப் புண்ணாகிறது. கீழே இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் உள்ள மீள்காலுறை வெளியிலிருந்து எதிரழுத்தம் தருகிறது. பழுதான சிரையை உருவி எடுக்கும் பழைய அறுவைக்குப் பதிலாக, அதனுள் லேசர் இழையையோ மின்வெப்ப இழையையோ செலுத்திச் சுட்டு மூடும் முறை இப்போது பரவியுள்ளது.

ஆழ்சிரையில் குருதி உறைவது இதைவிட ஆபத்தானது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ஐயுற வேண்டும். கேளா ஒலிக் கருவியால் அழுத்திப் பார்த்தால் நலமான சிரை மடியும். உறைகட்டி உள்ள சிரை மடியாது. கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே கேடு. உடனே உறைவுத் தடுப்பு மருந்து தேவை. பேறுகாலத்திற்குப் பின்னும் அறுவைக்குப் பின்னும் நோயாளியை விரைவில் எழுந்து நடக்கச் சொல்வது இதைத் தடுக்கத்தான்.

பீடியும் காலும்

கொழுப்புப் படிவதால் வரும் நோய் பெரும்பாலும் முதியோருக்கு உரியது. ஆனால் நம் நாட்டில் நாற்பது வயதுகூட ஆகாத உழைக்கும் ஆடவர்களிடமும் விரல்கள் கருத்து உதிரும் நோய் காணப்படுகிறது. 1908-இல் நியூயார்க்கில் இதை விரிவாக விளக்கிய லியோ பர்கர் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை ஆகியவற்றோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது இந்நோய். கை, கால்களின் சிறு தமனிகள் வீங்கி உறைகட்டியால் அடைபடுகின்றன. அவ்வளவு மெல்லிய குழாய்களுக்குப் பெரும்பாலும் மாற்றுப்பாதை அமைக்கவும் இடமில்லை. புகையிலையை அடியோடு விட்டவர்களுக்கு உறுப்பை அகற்றும் நிலை அரிதாகவே வருகிறது. "நாளுக்கு இரண்டுதான்" என்று தொடர்பவர்கள் முதலில் விரலையும், பின்பு பாதத்தையும், அதற்குப் பின் காலையும் இழக்கிறார்கள். பலூனும் தையலும் மருந்தும் செய்ய முடியாததை, பீடிக்கட்டைத் தூக்கியெறிவது செய்துவிடுகிறது.

நடந்தால் வரும் கெண்டைக்கால் வலி, ஆறாத பாதப் புண், இரவில் எரியும் பாதம் ஆகியவை இருந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரை அணுக வேண்டும். திடீரென ஒரு கால் குளிர்ந்து மரத்துப்போனால் அந்த மணியிலேயே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு நோயாளிகள் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல் பாதத்தையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். பாத நாடியையும் அழுத்தத்தையும் சோதிக்குமாறு மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும். ஓர் அழுத்தமானியும் பத்து நிமிட நேரமும் போதும். குழாய் பாதி குறுகும் வரை உடல் நோயை மறைத்து வைக்கிறது. அதற்குப் பின் அது கொடுக்கும் முதல் குரல் அந்த நடைவலிதான். அக்குரலைக் கேட்டவுடன் செவிசாய்ப்பவரின் கால், அவரை நெடுந்தூரம் சுமந்து செல்லும்.